நான்கு கட்டில்களும் இரண்டு பின்களும்

நாங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிறோம். இப்படிச் சுருக்கமாகச் சொன்னால் எங்கள் கட்டமைப்புத் துறை மேலாளருக்கு முகம் சுருங்கிவிடும்.

"நாம செய்யறது கட்டில் இல்லம்மா. கட்டிலோட கட்டமைப்பு. அது சரியா இருந்தா கட்டில் தானா வெளியில வரும்" என்று என்னை ஒருமுறை திருத்தினார். நான் அந்தத் துறையில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். கூட்டத்தில் வாய் திறப்பது என் வேலையில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

கட்டமைப்பு என்கிற அந்தப் பாகப் பட்டியலுக்கு ஒரு மென்பொருள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு ஒரு கட்டிலுக்கு என்னென்ன பாகம் என்பது ஒரு அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இப்போது அது திரையில் ஒரு மரமாக விரிகிறது. மேலே கட்டில், அதன் கீழே சட்டம், தலைப்பலகை, பக்கக் கம்பி, சக்கரம் என்று கிளைகள், ஒவ்வொரு கிளையின் கீழும் அதற்கான நட்டு, போல்ட்டு, வாஷர். மேலாளர் அந்த மரத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் என்ன கேட்டாலும் அவருடைய முதல் கேள்வி, "எந்தக் கிளை?" என்பதுதான். கேன்டீன்காரர் வந்து டீ வேண்டுமா என்று கேட்டபோதும் அவர் அப்படியே கேட்டதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கிளை சார் என்று பெயர்.

கிளை சாருடைய கூட்டங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கதவைச் சாத்தினால் மூன்று மணி நேரம். தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது. "தண்ணி குடிச்சா எழுந்து போகணும். ஒருத்தர் எழுந்து போனா ஒருமித்த கருத்து கலைஞ்சிடும்" என்பார். அவரும் குடிக்க மாட்டார். சில நாட்களாகப் பேச்சுக்கு நடுவே விலாவைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிப்பார். நாங்கள் அதைச் சிந்தனை என்று நினைத்துக்கொண்டோம்.

மென்பொருள் வந்த வாரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கட்டமைப்பில் இல்லாத எந்தப் பொருளும் வேலை மேசையில் இருக்கக் கூடாது. இரண்டு பேர் தள்ளுவண்டியோடு தொழிற்கூடத்துக்குள் இறங்கி மேசை மேசையாகத் துடைத்து எடுத்துப் போனார்கள். ஒரு சீப்பு, மூன்று டீ கிளாஸ், தாள் கிழிக்காத பழைய காலண்டர், ஒரு ஒற்றைச் செருப்பு, கடைசி மேசையிலிருந்து பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. அந்த டப்பா நிறைய ஸ்பிளிட் பின்கள் இருந்தன.

ஸ்பிளிட் பின் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. கட்டிலின் பக்கக் கம்பியை மேலே நிறுத்திப் பிடிக்கிற தாழ்ப்பாளில் ஒரு துளை இருக்கிறது. அந்தத் துளையில் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் இடுக்கியால் விரித்துவிட வேண்டும். அவ்வளவுதான். போடாவிட்டாலும் கட்டில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் தினமும் ஏற்றி இறக்குகிற ஆட்டத்தில் தாழ்ப்பாள் மெல்ல நழுவும். ஒரு நாள் நோயாளி சாய்கிற நேரத்தில் கம்பி தடாலென்று கீழே போகும். ஒரு கட்டிலுக்கு இரண்டு பக்கம், ஆகவே இரண்டு பின். வரைபடம் வரைந்தவருக்கு இது தோன்றவில்லை. முதல் கட்டிலைப் பூட்டிய ஃபிட்டருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து பதினாறு வருடமாக ஃபிட்டர்கள் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். யாரும் எதிலும் எழுதவில்லை. டப்பா போனபோது பின்னும் போயிற்று.

அந்தக் கடைசி மேசை இப்போதைய ஃபிட்டருடையது. சாதுவான மனிதர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் முதலில் கையைத் துணியில் துடைத்துக்கொள்வார், ஃபோனில் பேசினாலும்கூட. அவர் டப்பாவைக் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். சீப்பு மட்டும் திரும்பி வந்தது.

ஒரு நாள் காலை அவர் எங்கள் துறை வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"மேடம், எங்க அக்கா நர்ஸ்னு சொல்லியிருக்கேனில்ல? அவ வார்டுல நம்ம கட்டில்தான் நாப்பது போட்டிருக்கு. எல்லாம் டப்பா போனதுக்கு அப்புறம் போன கட்டில். நேத்து ஒரு அம்மா, ஆபரேஷன் ஆகி மூணாவது நாள், எழுந்திருக்கிறேன்னு கம்பியைப் பிடிச்சிருக்காங்க. கம்பி இறங்கிடுச்சு. கீழ விழுந்து கை எலும்பு முறிஞ்சு போச்சு. அக்கா ஃபோன்ல, 'ஏன்டா, என்னடா செஞ்சு அனுப்பறீங்க'ன்னு கேட்டா."

"இப்ப என்ன பண்றாங்க?"

"கட்டுத் துணியால கம்பியைக் கட்டி வெச்சிருக்கா. நோயாளிக்குக் கட்டறதைவிடக் கட்டிலுக்குத்தான் அதிகமா கட்டறாளாம். ஒரு பின்னு மேடம். அதைச் சேர்க்கணும்னா யாரைப் பார்க்கணும்?"

யாரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஏனென்றால் எங்களிடம் இருப்பது ஒரு கட்டில் அல்ல, நான்கு. வடிவமைப்புக் கட்டமைப்பில் ஒரு கட்டில் இருக்கிறது. அது வரைந்தவர்கள் மனத்தில் இருக்கும் கட்டில். உற்பத்திக் கட்டமைப்பில் இன்னொன்று. அது தொழிற்கூடத்தில் எந்த வரிசையில் எதைப் பூட்டுவது என்று சொல்லும் கட்டில். பராமரிப்புக் கட்டமைப்பில் பழுதானால் மாற்றக்கூடிய பாகங்கள் மட்டும் கொண்ட கட்டில். விற்பனைக் கட்டமைப்பில் வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கக்கூடிய எல்லா வசதிகளும் ஒன்றாகக் குவிந்திருக்கும் கட்டில். நான்குக்கும் நான்கு பொறுப்பாளர்கள், நான்கு அறைகள். நோயாளி படுக்கிற கட்டிலுக்கு மட்டும் தனியாக அறை கிடையாது.

ஃபிட்டர் நான்கு அறையும் ஏறி இறங்கினார். வடிவமைப்புக்காரர் திரையில் கட்டிலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். "இங்க பாருங்க, கம்பி விழுதா? விழலையே. எங்க கட்டில்ல எந்தக் குறையும் இல்ல. பூட்டும்போது வர்ற பிரச்சினைன்னா உற்பத்தியைக் கேளுங்க" என்றார். உற்பத்திக்காரர், "வடிவமைப்புல பிறக்காத பாகத்தை நான் எப்படிப் பூட்டுவேன்? எனக்கு வேலை போயிடும்" என்றார். பராமரிப்புக்காரர் நிதானமான மனிதர். உட்கார வைத்துப் பேசினார்.

"பின் உடைஞ்சுதா?"

"பின்னே இல்லையே சார்."

"அதான் சொல்றேன். உடைஞ்சிருந்தா மாற்றுப் பாகம்னு சேர்த்திருப்பேன். இல்லாத பொருள் உடையாது. உடையாத பொருள் என் பட்டியல்ல வராது."

விற்பனைக்காரர் மட்டும் சிரித்தார். வாடிக்கையாளர் விருப்பப்பட்டுக் கேட்டால் மட்டுமே ஒரு வசதியைச் சேர்க்க முடியுமாம். "கம்பி விழணுமா, விழக் கூடாதான்னு நாம வாடிக்கையாளரைக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்ததால் ஃபிட்டர் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தார்.

கடைசியில் கிளை சார் கூட்டத்தில் பேச அவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. அவர் பையிலிருந்து ஒரு தாழ்ப்பாளையும் கடையில் வாங்கிய ஒரு பின்னையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பின் இல்லாமல் தாழ்ப்பாளை ஆட்டினார். அது கழன்று விழுந்தது. பின்னைப் போட்டு ஆட்டினார், அசையவில்லை. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது.

கிளை சார் பின்னைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இது எந்தக் கிளை?"

"கிளை எல்லாம் இல்ல சார். பின்னு."

"எண் இருக்கா?"

"இல்ல சார்."

"எண் இல்லாத பொருள் நம்ம மேசை மேல இருக்கு." அவர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நண்பர்களே, நான் ஒண்ணு சொல்றேன், குறிச்சுக்கங்க. ஒரு கம்பி விழுந்தா ஒரு நோயாளிக்குத்தான் அடி. கட்டமைப்புல ஒரு ஒழுங்கில்லாத பொருள் நுழைஞ்சா முழு நிறுவனத்துக்கும் அடி. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிடுவார். கட்டமைப்பு எங்க போகும்? நம்மகிட்டதான் இருக்கும். யாரைக் காப்பாத்தணும்னு நீங்களே யோசிங்க."

எல்லோரும் யோசித்து, கட்டமைப்பைக் காப்பாற்றுவது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். நான் எழுதினேன். எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஃபிட்டர் தாழ்ப்பாளையும் பின்னையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசல் பாதுகாவலர் பையைச் சோதித்து, எண் இல்லாத உலோகப் பொருளைக் கொண்டுவந்ததற்காக அவருக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார். இன்னொரு முறை பிடிபட்டால் வேலை நீக்கம் என்று அதில் இருந்தது. ஃபிட்டருக்கு இரண்டு பெண்கள், இருவரும் படிக்கிறார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையில் பின் வாங்கிக்கொண்டு நேராக அக்காவின் வார்டுக்கே போய்ப் பத்துக் கட்டிலுக்குப் போட்டுவிட்டு வந்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கருவிப் பொறுப்பாளர் வந்து அத்தனையையும் பிடுங்கிப் போட்டார். கம்பெனி முத்திரையோடு வராத எதையும் கட்டிலில் சேர்த்தால் உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்று எங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அந்த வரியை டைப் அடித்தது நான்தான்.

இதற்கு நடுவில்தான் பெரிய கட்டில் பிறந்தது.

விற்பனைக் கட்டமைப்பில் எல்லா வசதிகளும் குவிந்திருக்கும் என்றேன் அல்லவா? வாங்குகிறவர் கேட்பதை அதிலிருந்து பொறுக்கி, மற்றதை விட்டுவிட்டு, தொழிற்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் யாரோ பொறுக்காமலே பொத்தானை அழுத்திவிட்டார்கள். முழுக் குவியலும் ஒரே கட்டிலாகத் தொழிற்கூடத்தில் வந்து இறங்கியது. ஃபிட்டர் எழுதிக் கேட்டார். கட்டமைப்பில் உள்ள எதையும் விடக் கூடாது, இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்று பதில் வந்தது. அவர் பூட்டினார்.

ஒன்பது நாள் ஆயிற்று. நிலையான கால் நான்கு, சிறிய சக்கரம் நான்கு, பெரிய சக்கரம் நான்கு, ஆகக் கட்டிலுக்குப் பன்னிரண்டு கால். தலையை உயர்த்தும் கைப்பிடி வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றிக் கையில் அடித்தது. மரத் தலைப்பலகைக்கு முன்னால் பிளாஸ்டிக் தலைப்பலகை. உயரமான பக்கக் கம்பி, குட்டையான பக்கக் கம்பி, மடக்குக் கம்பி மூன்றும் சுற்றி நின்றதால் உள்ளே யாரும் ஏற முடியாது. ஏறியவர் இறங்க முடியாது. குழந்தைகளுக்கான முயல் படம் ஒட்டிய பலகையும், கனமான நோயாளிகளுக்கான இரட்டைச் சட்டமும் ஒரே கட்டிலில் இருந்தன. அது நகராது. நகர்த்தலாம் என்று எட்டுச் சக்கரம் சொன்னால் கூடாது என்று நான்கு கால் சொல்லிற்று.

இதைப் பார்த்தால் கிளை சார் யாரையாவது வேலையை விட்டுத் தூக்குவார் என்று நாங்கள் நினைத்தோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு நாள் திரையிலதான் பார்த்தேன்" என்றார்.

அதை வரவேற்புக் கூடத்துக்குத் தூக்கிப் போக இருபத்திரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கதவு நிலையை இடித்தார்கள். இயக்குநர் வந்து நாடா வெட்டினார். கிளை சார் பேசினார்.

"சிலர் கேக்கறாங்க, இதுல யார் படுப்பாங்கன்னு. வருத்தமா இருக்கு. படுக்கிற கட்டில் உலகத்துல எல்லா வீட்லயும் இருக்கு. யாரும் படுக்க முடியாத அளவுக்கு முழுமையான கட்டில் நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரு பாகம்கூட விடுபடலை."

எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஃபிட்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாமும் இருந்த அந்தக் கட்டிலிலும் பின் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இயக்குநர் படம் எடுத்துக்கொள்வதற்காக ஒரு கம்பியில் கை வைத்தார். அது இறங்கியது. நல்லவேளையாக அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு கம்பி இருந்தது.

அன்று மாலை ஃபிட்டர் என் மேசைக்கு வந்தார். வார்டில் இன்னொரு கம்பி இறங்கிவிட்டதாம். இந்த முறை ஒரு பெரியவர். அக்கா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்ததில் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"எல்லா அறைக்கும் போய்ட்டேன் மேடம். இனிமே போறதுக்கு அறை இல்ல" என்றார். கண்ணில் நீர் நின்றது.

நான் அப்போது கட்டில்களோடு போகிற கையேடுகளுக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கட்டிலோடும் ஒரு பிளாஸ்டிக் உறையில் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று போகும். உறைக்கு எண் உண்டு, கையேட்டுக்கு எண் உண்டு. தாள்களைச் சேர்த்துப் பிடிக்கிற கிளிப்புக்குக் கிடையாது. அது எழுதுபொருள். எழுதுபொருளுக்கு என் ஒரு கையெழுத்துப் போதும். இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. கையில் இருந்த கிளிப்பைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"அண்ணே, அந்தப் பின்னை ரெண்டு தாள்ல செருகிக் காலை விரிச்சா தாள் பிடிக்குமா?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நல்லாப் பிடிக்கும் மேடம்."

நான் தேவைப் பட்டியலில் எழுதினேன்: தாள் பிடிப்பான், உலோகம், இரு கால். மறுநாளே ஸ்டோர்ஸ்காரர் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தார். "ஸ்பிளிட் பின் மாதிரி இருக்கே" என்றார். "மாதிரிதான்" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எதையாவது கேட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

அன்றிலிருந்து ஒவ்வொரு கையேட்டின் ஓரத்திலும் இரண்டு துளை, இரண்டு பின். ஏற்கெனவே போய்விட்ட கட்டில்களுக்கு என்ன செய்வது? கையேடு திருத்தப்பட்டால் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் புதிய பதிப்பு அனுப்பியாக வேண்டும் என்று கிளை சாரே ஒரு விதி போட்டிருந்தார். நான் நான்காம் பக்கத்தில் 'பயனர்' என்று இருந்ததைப் 'பயனாளர்' என்று திருத்தினேன். கட்டிலுக்கு ஒன்றாக, கம்பெனி முத்திரையோடு, புதிய பதிப்பு எல்லா ஊருக்கும் போயிற்று. எப்படிப் போடுவது என்பதை அக்கா தனக்குத் தெரிந்த நர்ஸ்களுக்கெல்லாம் ஃபோனில் சொன்னாள். பின்னைப் பிடுங்கிய கருவிப் பொறுப்பாளர் முத்திரையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதம் ஒரு கம்பியும் இறங்கவில்லை. புகார்கள் நின்றதைக் கட்டமைப்பின் வெற்றி என்று சொல்லிக் கிளை சாருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த நான்கு மாதமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகு கிளை சார் கூட்டத்தின் நடுவே விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். சிறுநீரகத்தில் கல். தண்ணீரே குடிக்காமல் சேர்த்த கல். கொண்டுபோய்ச் சேர்த்தது அக்காவின் வார்டில்.

நான் மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் கோப்புகளோடு போனேன். படுத்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஃபிட்டரும் அக்காவுக்குச் சாப்பாடு கொடுக்க வந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து கிளை சார் எங்கள் கட்டிலிலேயே பக்கக் கம்பியைப் பிடித்தபடி படுத்திருந்தார். அக்கா வந்தாள். குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. இடுப்பில் இன்னும் பட்டை கட்டியிருந்தாள்.

"தம்பி, கட்டில் கம்பெனி மேலாளர்னு சொன்னியே, இவர்தானா?" என்று கேட்டாள். ஃபிட்டர் பதில் சொல்வதற்குள் குனிந்து, பையிலிருந்து இடுக்கியை எடுத்து, தாழ்ப்பாளிலிருந்து பின்னைக் கழற்றி, கிளை சார் கண்முன்னே நீட்டினாள்.

"சார், இது உங்க கட்டமைப்புல இல்லாத பொருளாமே. விதிப்படி எடுத்துட்டேன். இப்ப கம்பியை விடுங்க, பார்ப்போம்."

தாழ்ப்பாளை ஓர் ஆட்டு ஆட்டினாள். கம்பி தடாலென்று இறங்கியது. கிளை சார் நோயாளி எழுப்பக்கூடிய எல்லாச் சத்தத்தையும் எழுப்பினார். அக்கா ஒரு கையை அவர் தோளுக்கு முட்டுக் கொடுத்தே வைத்திருந்தாள், விழவில்லை.

"போடுங்க சிஸ்டர்! அதைப் போட்டுடுங்க!"

"எந்தக் கிளையில சார்?"

"ஏதாவது கிளையில போடுங்கம்மா!"

"அப்படிப் போட முடியாது சார். எங்களுக்கும் எழுத்துல வேணும்." அவள் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய படிவத்தை எடுத்தாள். நோயாளி எதையாவது கையோடு கொண்டுவந்திருந்தால் எழுதுகிற தாள் அது. அதில் ஏற்கெனவே கண்ணாடி ஒன்று, செல்ஃபோன் ஒன்று என்று இருந்தது. அதன் கீழே, 'பின் – 2' என்று எழுதி நீட்டினாள். கிளை சார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அக்கா பின்னைச் செருகிக் காலை விரித்தாள். அவர் கம்பியை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

வெளியே வந்ததும் ஃபிட்டர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "முடிஞ்சுது மேடம். மனுஷன் வந்ததும் முதல் வேலையா சேர்த்துடுவார்" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். எங்களைப் போல ஏமாளிகள் கிடையாது.

ஒரு மாதம் கழித்துக் கிளை சார் வந்தார். மெலிந்திருந்தார். முதல் வேலையாகக் கூட்டம் போட்டார். மேசையில் தண்ணீர் பாட்டில்கூட இருந்தது, அவருக்கு மட்டும்.

"நண்பர்களே, பின் பிரச்சினைக்குத் தீர்வு கிடைச்சிருக்கு" என்றார். என் பேனா கையிலேயே நின்றது. "இவ்வளவு நாள் நாம ஏன் அந்தப் பின்னைச் சேர்க்க முடியலை? ஆதார ஆவணம் இல்ல. இப்ப இருக்கு." அவர் ஒரு தாளைத் திரையில் காட்டினார். கால்மாட்டில் தொங்கிய படிவம். கீழே அவருடைய கையெழுத்து. "ஒரு அரசுப் பதிவு பெற்ற ஆஸ்பத்திரியோட ஆவணம். தலைப்பைப் பாருங்க. நோயாளியின் சொந்தப் பொருட்கள். இதுல இருந்து என்ன தெரியுது? பின் நம்ம பாகமே இல்ல. அது நோயாளியோட பாகம். நாம வீணா நம்ம நாலு கட்டில்லயும் தேடிட்டிருந்தோம்."

வடிவமைப்புக்காரர் முதலில் தலையாட்டினார். பிறகு மற்ற மூவரும்.

ஆக இப்போது எங்களிடம் ஐந்தாவது கட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் நோயாளி வழங்கும் பாகங்களின் கட்டமைப்பு. அதில் ஒரே ஒரு கிளை, அதில் பின் இரண்டு. எண் உண்டு, திருத்த நிலை உண்டு, பொறுப்பாளரும் ஒரு தனி அறையும் உண்டு. ஒரு பொருள் இரண்டு வழியில் வரக் கூடாது என்பதால் கையேட்டிலிருந்து என் பின்களை எடுத்துவிட்டார்கள். நான் மறுபடியும் கிளிப் போடுகிறேன். வார்டு நர்ஸ்கள் ஏற்கெனவே போட்ட பின்களையும் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். பாதிப் பேர் அனுப்பவில்லை. அந்த நர்ஸ்கள் நன்றாக இருக்கட்டும்.

புதிய கட்டில்களோடு ஒரு அறிவிப்புத் தாளும் போகிறது. வார்டு வாசலில் ஒட்ட வேண்டும். டைப் அடித்தது நான்தான். 'சேர வரும் நோயாளிகள் கொண்டுவர வேண்டியவை: துண்டு, சோப்பு, தம்ளர், மாற்றுத் துணி, ஸ்பிளிட் பின் (இரு கால், உலோகம்) இரண்டு.' போன மாதம் ஒரு வார்டில் கம்பி இறங்கி ஒருவருக்குத் தோள் இறங்கியது. புகார் வந்தது. நோயாளி தமது பாகத்தைக் கொண்டுவரத் தவறிவிட்டார் என்று பதில் அனுப்பி, அதையும் குறையற்ற கட்டில் என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஃபிட்டர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். இரண்டு சட்டைப் பையும் பின்களின் கனத்தில் தொங்கும். காவலாளி தடுப்பதில்லை, அது நோயாளி கொண்டுபோக வேண்டிய பொருள்தான் என்று எழுத்தில் இருக்கிறதே. யாராவது மூட்டை முடிச்சோடு, பயந்த முகத்தோடு, உள்ளே போனால் இவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போவார்.

"சேர வந்திருக்கீங்களா? இந்தாங்க. உள்ள நர்ஸ்கிட்ட குடுங்க, அவங்களுக்குத் தெரியும்."

"என்னதுங்க இது?"

"கட்டிலு" என்பார்.

போன வாரம் நானும் போய் அவரோடு நின்றேன். கிளம்பும்போது என் உள்ளங்கையில் இரண்டு பின் வைத்தார்.

"எதுக்கண்ணே? எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு."

"இருக்கட்டும் மேடம், வெச்சுக்கங்க. நம்ம கட்டில்தான் எல்லா ஊர்லயும் போட்டிருக்கு."

கைப்பையில் சாவிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.